ஆயாவின் கண் எங்கே போகிறது?



கொல்லிமலை என்றாலே ஆகாய கங்கை, அறப்பளீசுவரர் கோயில், செம்மேட்டில் உள்ள ஓரி மன்னன் சிலை, காரவள்ளியிலிருந்து ஏறும் 70 கொண்டை ஊசி வளைவுகள் என்று எழுதித்தான் பழக்கம். இந்த மாதம் அவற்றை ஓரமாக வைத்துவிடுகிறேன். மலை வீடுகளின் கூரைமேல் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் டிஷ்களைப் பற்றியும், அதே வீட்டுக்குள் கையில் ரிமோட்டோடு திகைத்து உட்கார்ந்திருக்கும் பெரியவர்களைப் பற்றியும் உங்களோடு பேச வேண்டும். கொஞ்ச நாளாகவே இது மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது.

டிவி நம் மலைக்குத் தாமதமாகத்தான் வந்தது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆனால் கோபுரத்திலிருந்து தரையை ஒட்டி வரும் அலைகளை மலை முகடுகள் மறைத்துவிடும். குண்டூர் நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு என்று பள்ளத்துக்கும் மேட்டுக்குமாகச் சிதறிக் கிடக்கும் ஊர்களுக்கு ஆன்டெனா பெரிதாக உதவவில்லை. செயற்கைக்கோள் வந்த பிறகுதான் வழி பிறந்தது. ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்திலிருந்து, கிட்டத்தட்ட நம் தலைக்கு மேலிருந்து இறங்கி வரும் அலையை எந்த முகடும் மறைப்பதில்லை. 2006-இல் தமிழக அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் மாநிலம் முழுவதும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் பெட்டிகளைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அதுவரை பஞ்சாயத்து டிவி முன் கூடியவர்கள் சொந்த வீட்டில் உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

அந்தப் பெட்டியை இயக்குவது எளிது. போட வேண்டும், சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும், சேனலை மேலே கீழே தள்ள வேண்டும். அவ்வளவுதான். பிறகு 2012-இல் பெருநகரங்களில் தொடங்கி 2017-க்குள் கிராமங்கள் வரை கேபிள் முழுவதும் டிஜிட்டல் ஆனது. செட்டாப் பாக்ஸ் கட்டாயமாயிற்று. மலையில் டிஷ் வைத்தவர்களுக்கு அந்தப் பெட்டி அதற்கு முன்பே வந்துவிட்டது. இரண்டு ரிமோட், இரண்டு பவர் பட்டன். டிவியைப் போட்டால் பாக்ஸ் தூங்குகிறது, பாக்ஸைப் போட்டால் டிவி வேறு 'சோர்ஸில்' நிற்கிறது. இப்போது ஸ்மார்ட் டிவியும் வந்துவிட்டது. திரை முழுக்கக் கட்டங்கள், கட்டங்களுக்குள் படங்கள், படங்களுக்குக் கீழே ஆங்கில எழுத்துகள்.

வளப்பூர் நாட்டுப் பக்கம் ஒரு வீட்டில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். வீட்டின் மூத்தவர், எல்லோருக்கும் ஆயா, செய்தி பார்க்க நினைத்தார். கை தவறி வேறொரு பட்டன் பட்டுவிட்டது. திரையில் ஒரு பட்டியல் எழுந்தது. ஆயா ரிமோட்டைக் குனிந்து பார்த்தார், திரையை நிமிர்ந்து பார்த்தார், மறுபடியும் குனிந்தார். அதற்குள் பட்டியல் மறைந்துவிட்டது. "ஆயா, இப்பத்தான சொல்லிக் குடுத்தேன்!" என்று பேரன் ரிமோட்டை வாங்கிக்கொண்டான். "எனக்குத்தான் ஒண்ணும் புரிய மாட்டேங்குது கண்ணு" என்று அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்.

சில்வர் ஓக் மரத்தில் ஏறியிருக்கும் மிளகுக் கொடியில் எந்தச் சரம் பழுத்துவிட்டது என்று தரையில் நின்றபடியே சொல்லிவிடுகிற கண்கள் அவை. சாமையில் கலந்திருக்கும் கல்லை முறத்தில் ஒரே வீச்சில் கண்டுபிடிக்கிற கண்கள். அவர் 'எனக்குத்தான் புரியவில்லை' என்றது என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. அவருக்கு என்ன புரியாமல் போயிற்று? அந்த ஒரு நிமிடத்தில் அவர் கண் எங்கெல்லாம் போயிற்று, எதைத் தேடிற்று, எது அவருக்குக் கிடைக்கவில்லை?

இதைப் பார்த்துச் சொல்வதற்கு ஒரு கருவி இருக்கிறது. ஆங்கிலத்தில் ஐ டிராக்கிங் என்பார்கள். நாம் கண்ணசைவுப் பதிவு என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மெல்லப் பாய்ச்சி, கருவிழியின் மேல் அது பட்டு மின்னும் புள்ளியையும் கண்பாப்பாவின் மையத்தையும் கேமரா படமெடுக்கிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவு மாறுவதை வைத்து, பார்வை எங்கே விழுகிறது என்று கணக்கிடுகிறார்கள். நொடிக்குப் பல பத்து தடவை இது நடக்கும். தொடங்குவதற்கு முன் திரையின் சில புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லி, அந்த ஆளின் கண்ணுக்கேற்பக் கருவியைச் சரிசெய்துகொள்வார்கள்.

இந்தக் கருவிக்கு ஏன் வேலை இருக்கிறது என்பதைப் புரிந்துகொள்ளக் கண்ணைப் பற்றி ஒரு செய்தி தெரிய வேண்டும். நாம் எதிரில் உள்ள எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்ப்பதாக நினைக்கிறோம். உண்மை அப்படியில்லை. கையை நீட்டிப் பிடித்தால் கட்டைவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ ஏறத்தாழ அவ்வளவு இடம்தான் கூர்மையாகத் தெரியும், கோணக் கணக்கில் சுமார் 2 டிகிரி. மற்றதெல்லாம் மங்கல். அதனால்தான் கண் ஓரிடத்தில் சற்று நின்று, சட்டென்று தாவி, இன்னோரிடத்தில் நிற்கிறது. நொடிக்கு மூன்று நான்கு தாவல்கள். தாவும் அந்தக் கணத்தில் நமக்கு எதுவும் சரியாகத் தெரிவதில்லை. வாசிக்கும்போதும் கண் வரியில் வழுக்கிச் செல்வதில்லை, தாவித் தாவித்தான் செல்கிறது என்பதைப் பாரிஸில் கண் மருத்துவர் எமில் ஜாவலும் அவரோடு இருந்தவர்களும் 1870-களின் இறுதியிலேயே கவனித்துவிட்டார்கள்.

இந்த 2 டிகிரியை நம் வீட்டு டிவிக்குப் போட்டுப் பாருங்கள். திரைக்கும் உங்களுக்கும் 3 மீட்டர் என்றால், ஒரு நேரத்தில் கூர்மையாகத் தெரிவது ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு வட்டம். 32 அங்குல டிவியின் அகலம் 70 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அதாவது அகலத்தில் ஏழில் ஒரு பங்குதான். வலது மேல் மூலையில் சிறிய எழுத்தில் ஓர் அறிவிப்பு வந்துபோகும்போது ஆயாவின் கண் இடது கீழ் மூலையில் இருந்தால், அந்த அறிவிப்பு அவரைப் பொறுத்தவரை வரவேயில்லை. அவர் கவனிக்கவில்லை என்று சொல்வது நியாயமாகாது.

இந்த நியாயத்தை விமானங்களை வைத்துத்தான் உலகம் முதலில் கற்றுக்கொண்டது. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, அமெரிக்க விமானப் படையில் பால் ஃபிட்ஸ் என்ற உளவியலாளர், ஜோன்ஸ் என்பவரோடு சேர்ந்து 'விமானியின் பிழை' என்று சொல்லப்பட்ட 460 நிகழ்வுகளை ஆராய்ந்தார். 1947-இல் வெளிவந்த அந்த அறிக்கை, பிழைகளில் ஏறத்தாழப் பாதி ஒரு கைப்பிடியை இன்னொன்றென்று எண்ணி இழுத்ததால் வந்தது என்று காட்டிற்று. பக்கத்தில் பக்கத்தில் ஒரே மாதிரிக் கைப்பிடிகள் இருந்தால் யாருக்கும் அது நடக்கும். அதன் பிறகு விமானிகள் தரையிறங்கும்போது அவர்கள் கண் எந்தக் கருவியை எத்தனை தடவை பார்க்கிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று படமெடுத்தார்கள். 1950-இல் அவர்கள் சொன்ன முடிவு இன்றும் நிற்கிறது. அடிக்கடி பார்க்கப்படும் கருவி முக்கியமானது. நெடுநேரம் பார்க்கப்படும் கருவி படிக்கக் கடினமானது. முக்கியமானவற்றை நடுவில் வை, கடினமானதைத் திருத்து. விமானியைத் திட்டாதே.

ஆயாவைத் திட்டாதே என்று நான் சொல்வதற்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

மாஸ்கோவில் ஆல்ஃபிரட் யார்பஸ் செய்த சோதனையும் இங்கே பொருந்தும். ரெப்பின் வரைந்த ஓர் ஓவியத்தை ஒருவரிடமே திரும்பத் திரும்பக் காட்டி, ஒவ்வொரு தடவையும் வேறொரு கேள்வி கேட்டார். இந்தக் குடும்பம் வசதியானதா? இவர்களுக்கு என்ன வயது இருக்கும்? கேள்வி மாறியதும் கண் போன தடமும் மாறிற்று. படம் ஒன்றுதான், தேடல் வேறு. ஆகவே டிவித் திரையைச் சோதிக்கிறவர்கள் 'இதைப் பாருங்கள்' என்று சொல்லி உட்கார வைத்தால் பயனில்லை. 'செய்திக்குப் போங்கள்', 'நேற்று பார்த்த சீரியலைத் திரும்பப் போடுங்கள்' என்று வீட்டில் செய்கிற வேலையையே கொடுக்க வேண்டும்.

டிவியில் இந்தச் சோதனை செய்வது கணினியில் செய்வதைவிடச் சிரமம். கணினிக்கு, திரையின் அடியில் ஒரு பட்டை வடிவக் கருவியை வைத்தால் போதும், ஆள் இரண்டடி தூரத்தில் இருப்பார். டிவி பார்க்கிறவர் பத்தடி தள்ளி, சில சமயம் சுவரில் சாய்ந்து, சில சமயம் படுத்துக்கொண்டு பார்க்கிறார். அதோடு அவர் கண் திரையில் மட்டும் இல்லை, கையிலிருக்கும் ரிமோட்டுக்கும் போய்வருகிறது. அதனால் மூக்குக்கண்ணாடி வடிவில் அணிகிற கருவியைப் பயன்படுத்துகிறார்கள். அதில் உள்பக்கம் கண்ணைப் படமெடுக்கும் கேமராக்கள், முன்பக்கம் எதிரில் உள்ளதைப் படமெடுக்கும் கேமரா. பிறகு போட்டுப் பார்த்தால், ஆயா கண்ட உலகத்தின் மேல் ஒரு சிறு வட்டம் தாவித் தாவி நகர்வது தெரியும்.

என்னைப் பொறுத்தவரை விஷயமே திரைக்கும் ரிமோட்டுக்கும் இடையிலான அந்தப் பயணத்தில்தான் இருக்கிறது. வயது ஏற ஏறக் கண்ணின் லென்ஸ் இறுகும். நாற்பதைத் தாண்டினால் பக்கத்தில் இருப்பது மங்கும். திரை கண்ணாடியில்லாமல் தெரியும், ரிமோட்டின் எழுத்துக்குக் கண்ணாடி வேண்டும். கண்ணாடியைப் போட்டுக் குனிந்து பட்டனைக் கண்டுபிடித்து, கழற்றி நிமிர்ந்து பார்ப்பதற்குச் சில நொடிகள் ஆகின்றன. திரையில் வரும் பட்டியலோ தானாக மறைந்துவிடுகிறது. அதை அமைத்தவர் இருபத்தைந்து வயதுக்காரராக இருந்தால், ரிமோட்டைப் பார்க்காமலே விரலால் அழுத்துகிறவராக இருந்தால், அந்தச் சில நொடிகள் அவர் நினைவுக்கே வந்திருக்காது. கண்ணசைவுப் பதிவு அதை நொடிக் கணக்கோடு அவர் முன் வைக்கும். மறையும் நேரத்தைக் கூட்டுவதற்குப் புதிய பெட்டி தேவையில்லை, மென்பொருளில் ஓர் எண்ணை மாற்றினால் போதும்.

இன்னொன்று, திரையில் 'நாம் இப்போது எங்கே இருக்கிறோம்' என்பது. கணினியில் அம்பு நகர்வது தெரியும். கைபேசியில் விரல்தான் அம்பு. டிவியில் அம்புக்குறிப் பட்டனை அழுத்தினால் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு வெளிச்சம் மாறுகிறது. அந்த வெளிச்சம் சில திரைகளில் வெளிர் நீலத்திலிருந்து சற்றே அடர்ந்த நீலம். புரை விழுந்த கண்ணுக்கு அது மாற்றமே இல்லை. கண் திரை முழுக்க அலைந்துவிட்டு ரிமோட்டுக்குத் திரும்பிவிடும். பட்டன் வேலை செய்யவில்லையோ என்று இன்னொரு தடவை அழுத்துவார். இப்போது இரண்டு கட்டம் தாண்டிப் போயிருக்கும்.

எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெனு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தமிழ் இருந்தாலும் ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த கட்டத்துக்குள் நீளமான தமிழ்ச் சொல்லைத் திணிப்பதால் பாதியில் வெட்டுப்பட்டு நிற்கிறது. ஆங்கிலம் படிக்காதவர் சேனலின் சின்னத்தையும் நிறத்தையும் எண்ணையும், பட்டியலில் அது இருக்கும் இடத்தையும் மனப்பாடமாக வைத்துக்கொண்டு வேலையை முடிக்கிறார். இது சாமர்த்தியம். ஒரு நாள் வரிசையை மாற்றிவிட்டால் அந்த மனப்பாடம் முழுவதும் வீணாகிறது.

கண்ணசைவுப் பதிவுக்கு ஓர் எல்லை உண்டு. கண் எங்கே நின்றது என்று அது சொல்லும், ஏன் நின்றது என்று சொல்லாது. ஒரு படத்தின் மேல் நெடுநேரம் நின்றால் அது பிடித்துப்போனதாலும் இருக்கலாம், என்னவென்று விளங்காததாலும் இருக்கலாம். ஆகவே நல்ல ஆய்வாளர்கள் பதிவை அந்த ஆளுக்கே திரும்பப் போட்டுக் காட்டி, 'இந்த இடத்தில் என்ன தேடினீர்கள்?' என்று கேட்கிறார்கள். எனக்கு இந்த முறை மிகவும் பிடித்திருக்கிறது. 'எனக்குத்தான் புரியல' என்று முடித்துக்கொள்கிறவர், தன் கண் சரியான இடங்களுக்குத்தான் போயிருக்கிறது என்பதைத் தானே பார்ப்பார்.

நம் நாட்டில் டிவி பார்க்கிறவர்களோடு போய் உட்கார்ந்து ஆராய்கிற மரபு புதிதல்ல. 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு நடந்த சைட் திட்டத்தில், அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்கு இஸ்ரோ நிகழ்ச்சிகளைக் கொண்டுசேர்த்தது. மானிடவியலாளர்கள் அந்தக் கிராமங்களிலேயே தங்கி, மக்கள் எப்படிப் பார்க்கிறார்கள், என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று எழுதி வைத்தார்கள். தமிழ்நாடு அந்த ஆறில் இல்லை. பின்னர் அகமதாபாத் ஐ.ஐ.எம்-மைச் சேர்ந்த பிரிஜ் கோத்தாரி, பாட்டு ஒலிக்கும் அதே மொழியில் வரியைத் திரையின் அடியில் ஓடவிட்டால் அரைகுறையாகப் படிப்பவர்கள் படிக்கப் பழகுவார்கள் என்று 1996-இல் யோசித்தார். 1999-இல் அது குஜராத்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியில் தொடங்கிற்று. படிப்பார்களா, படத்தைத்தானே பார்ப்பார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. அதற்கு விடை கண்டதும் கண்ணசைவுப் பதிவுதான். ராஜஸ்தான் கிராமங்களில் கருவியை வைத்துப் பார்த்தபோது, தட்டுத் தடுமாறிப் படிப்பவர்களின் கண்ணும் தானாகவே அந்த வரிகளுக்குப் போனது தெரிந்தது. கிராமத்துக்குக் கருவி போக முடியும் என்பதற்கு இதுவே சான்று.

நமக்கு இன்னும் பக்கத்தில் ஒரு பணி நடந்திருக்கிறது. முதியோருக்கேற்ற டிவித் திரைகளை உருவாக்க 2010 முதல் ஐரோப்பாவில் நடந்த 'கைடு' என்ற கூட்டுத் திட்டத்தில் கேம்பிரிட்ஜில் இருந்து பணியாற்றியவர் பிரதீப்தா பிஸ்வாஸ். பார்வை, கேட்கும் திறன், கை நடுக்கம் இவற்றுக்கேற்ப எழுத்தின் அளவும் பட்டன்களின் இடைவெளியும் மாறிக்கொள்ளும் திரை அந்தத் திட்டத்தின் நோக்கம். அவர் பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து, சென்னை கோட்டூர்புரத்திலுள்ள வித்யா சாகர் அமைப்பின் மாணவர்களோடு சேர்ந்து வேலை செய்தார். மூளை முடக்குவாதத்தால் பேச்சும் கையசைவும் தடைப்பட்ட இளைஞர்கள் அவர்கள். அந்த மாணவர்களின் கண் திரையில் எப்படி அலைகிறது, எங்கே நிலைக்கிறது என்று ஆய்வாளர்கள் முதலில் பதிவு செய்தார்கள். பிறகு அதற்கேற்பத் திரையை அமைத்தார்கள். ஓர் இயந்திரக் கையைக் கண்ணாலேயே நகர்த்தும் அளவுக்கு அது வளர்ந்தது. ஆளுக்கேற்பத் திரை வளைய வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டிவிட முடியாது.

இந்தக் கருவி கொல்லிமலைக்கும் வர வேண்டும் என்று நான் விரும்புகிறேன். வந்தால் சில சிரமங்களைச் சந்திக்கும். வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது, கதவு திறந்திருக்கும் வீட்டில் அது கருவியைக் குழப்பும். தொங்கும் இமையும், புரை அறுவைக்குப் பின் வைத்த லென்ஸும், சொந்தக் கண்ணாடியின் பளபளப்பும் தொல்லை தரும். இதனாலேயே பல ஆய்வுகள் இளைஞர்களை வைத்து நகரத்து அறைகளில் முடிந்துவிடுகின்றன. யாருடைய கண்ணைப் பதிவு செய்வது கடினமோ அவர்களுக்குத்தான் திரையும் கடினமாக இருக்கிறது. அந்தக் காரணத்துக்காகவே அவர்களிடம் முதலில் போக வேண்டும்.

வருகிறவர்கள் அனுமதி கேட்டு வர வேண்டும் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். கண் போன தடம் ஒருவரின் அந்தரங்கம். எதைப் பார்த்தார், எதிலிருந்து பார்வையை விலக்கினார் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அமெரிக்காவில் விசியோ என்ற டிவி நிறுவனம், வீட்டார் என்ன பார்க்கிறார்கள் என்பதை அவர்களுக்குச் சொல்லாமலே சேகரித்ததற்காக 2017-இல் 22 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. நம் நாட்டின் 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதல் கேட்கும் அறிவிப்பைத் தமிழ் உள்ளிட்ட எட்டாம் அட்டவணை மொழிகளில் பெறும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது. ஆயாவுக்குப் புரியும் தமிழில் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டபிறகுதான் கருவியை மாட்ட வேண்டும்.

நம் மலைக்கு ஒரு பாவை உண்டு. சங்கப் புலவர்கள் பாடிய கொல்லிப்பாவை. தன்னைப் பார்த்தவரை மயக்கிச் சிரித்தே அழித்துவிடுவாள் என்று கதை சொல்வார்கள். கண்ணசைவுப் பதிவை அப்படியொரு பாவையைச் செய்யவும் பயன்படுத்தலாம். கண் எங்கே ஒட்டிக்கொள்கிறது என்று அறிந்து அங்கே விளம்பரத்தை வைக்கலாம், அடுத்த நிகழ்ச்சியைத் தானாக ஓடவிடலாம். எனக்கு வேண்டியது வேறு. ஆயாவின் கண் போன முதல் இடத்திலேயே அவர் தேடியது இருக்க வேண்டும். மெனுவை விட்டுச் சீக்கிரம் விலகி அவர் செய்தியைப் பார்க்க வேண்டும். மெனுவில் கண் நின்ற நேரம் குறையக் குறைய அது நல்ல திரை.

கருவி வரும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர் டிவி போடும்போது பக்கத்தில் உட்காருங்கள். என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லி, அவர் சரி என்றால் மட்டும். ரிமோட்டைப் பிடுங்காதீர்கள், சொல்லிக்கொடுக்காதீர்கள். திரையைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பாருங்கள். எத்தனை தடவை குனிகிறார், கண்ணாடியை எப்போது போடுகிறார், எந்த இடத்தில் கை நின்றுவிடுகிறது என்று கவனியுங்கள். முடிந்ததும் 'அங்கே என்ன தேடினீங்க?' என்று கேளுங்கள். அவர் சொல்வதை அவர் சொன்னபடியே எங்களுக்கு எழுதி அனுப்புங்கள். ஓர் அஞ்சலட்டை போதும். பெயர் வேண்டாம். வயது, கண்ணாடி உண்டா இல்லையா, எந்த எழுத்தைப் படிப்பார், டிஷ்ஷா கேபிளா என்பதை மட்டும் குறிப்பிடுங்கள். வருகிற கடிதங்களைத் தொகுத்து, பெட்டி செய்கிறவர்களுக்கும் கேபிள், டிஷ் சேவை நடத்துகிறவர்களுக்கும் அனுப்பப் போகிறோம். அவர்கள் எழுதும் பதிலையும் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்